போர்பன் என்றால் பிஸ்கட் மட்டுமல்ல

போர்பன் என்று சொன்னால் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது பிஸ்கட். இரண்டு சாக்லேட் பிஸ்கட்டுகள், நடுவிலே கிரீம், மேலே சர்க்கரைத் துகள். ரெயில் நிலைய ஸ்டாலில் டீயோடு வாங்கி, பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற பிஸ்கட்.

மும்பையில் கொஞ்சம் பெரிய ஓட்டல்களுக்குப் போனால் மெனு கார்டில் அந்தப் பெயரை வேறொரு இடத்தில் பார்க்கலாம். "போர்பன் கிளேஸ்டு ஸ்டேக்" என்று போட்டிருக்கும். தணலில் சுட்ட கனமான இறைச்சித் துண்டு. அதன் மேல் கருஞ்சிவப்பாகப் பளபளக்கும் பாகு. இனிப்பும் காரமும் கலந்து இருக்கும். அந்தப் பாகில் இருப்பது பிஸ்கட் அல்ல. அமெரிக்க விஸ்கி. பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். கேட்பவர்கள், ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்க்கட்டும்.

சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறார்கள். அப்பா, ரெயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இருபது வருடம் குடித்தார். கடைசியில் ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்று நிறுத்தினார். தினமும் காலையில் குடியை நிறுத்துவதற்கான மாத்திரை ஒன்று போடுகிறார். மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் விழுங்கும் வரை எதிரிலேயே நிற்பாள். மகனுக்கு வேலை கிடைக்கிறது. முதல் சம்பளத்தில் அப்பாவையும் அம்மாவையும் ஒரு மாலில் இருக்கும் ஓட்டலுக்கு அழைத்துப் போகிறான். மெனு கார்டைப் புரட்டுகிறான். போர்பன் என்ற பெயர் கண்ணில் படுகிறது. "இது இனிப்பா இருக்கும்பா, உங்களுக்குப் பிடிக்கும்" என்கிறான்.

பரிமாற வருகிற பையன் தமிழ்ப் பையன். வள்ளியூர்ப் பக்கம். இவர்கள் பேச்சைக் கேட்டதும் அவன் முகம் மலர்கிறது. "அய்யா, இதுல கொஞ்சம் விஸ்கி சேரும்" என்று சொல்ல அவனுக்குத் தோன்றுவதில்லை. யாராவது கேட்டாலும், "அதெல்லாம் அடுப்புலயே எரிஞ்சு போயிரும் அய்யா, வெறும் வாசனைதான்" என்றுதான் சொல்வான். சமையல்கட்டில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

சாப்பிட்ட கால் மணி நேரத்தில் பெரியவரின் முகம் சிவக்கிறது. தலை இடிக்கிறது. நெஞ்சு படபடக்கிறது. வாந்தி வருகிறது. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்து, "ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று நினைப்பார்கள். அவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும். இத்தனை நாள் மாத்திரையும் தண்ணீருமாக எதிரிலே நின்றாளே, அவள் என்ன நினைப்பாள்?

குடும்பம் கற்பனைதான். ஆனால் அப்படி மாத்திரை போடுகிறவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் பாகும் ஓட்டல்களில் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே மேஜையில் சந்திப்பது நடக்காத காரியம் அல்ல.

பாகு வந்த கதை

இந்தப் பண்டத்தின் சொந்த ஊர் அமெரிக்கா. போர்பன் என்பது அங்கே வடிக்கும் ஒருவகை விஸ்கி. அதற்கான தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உள்பக்கத்தைத் தீயில் கருக்கிய புதிய ஓக் மரப் பீப்பாயில் ஊற வேண்டும். இது அந்த நாட்டு விதி. 1964-ம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம், இது தங்கள் நாட்டுக்கே உரிய சரக்கு என்று தீர்மானமே போட்டது. கெண்டக்கி மாநிலம் இதற்குப் பேர் போனது.

பக்கத்து மாநிலம் டென்னசி. அங்கே வடித்த விஸ்கியை மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கிய பிறகுதான் பீப்பாயில் ஊற்றுவார்கள். ஜாக் டேனியல்ஸ் இந்த ரகம். ஜாக் டேனியல் என்பவருக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக் கொடுத்தவர் நியரஸ்ட் கிரீன் என்ற கறுப்பினத் தொழிலாளி. அடிமையாக இருந்தவர். முதலாளி பெயர் தலைமுறை தலைமுறையாகப் பாட்டிலில் இருக்கிறது. கற்றுக் கொடுத்தவர் பெயரைக் கம்பெனி ஊரறியச் சொன்னது 2016-ம் ஆண்டில்தான். அது தனிக்கதை, தொழிலாளிகள் வாழ்கிற எந்த ஊரிலும் புரிகிற கதை.

அந்த விஸ்கியின் பெயரையே வைத்து, டி.ஜி.ஐ. பிரைடேஸ் என்ற அமெரிக்க ஓட்டல் குழுமம் 1997-ம் ஆண்டு ஒரு பாகை மெனுவில் சேர்த்தது. இறைச்சி, கோழி, மீன் எல்லாவற்றின் மேலும் அதைத் தடவிக் கொடுத்தார்கள். நல்ல வியாபாரம். பிறகு மற்ற ஓட்டல்களும் வீடுகளும் தங்கள் தங்கள் கைப்பக்குவத்தில் செய்யத் தொடங்கின. நம் நாட்டுப் பெருநகரங்களின் மெனு கார்டுகளுக்கும் அது வந்து சேர்ந்தது.

சுவையைக் குறை சொல்ல முடியாது. கருகிய ஓக் மரத்தில் ஊறியதால் அந்த விஸ்கிக்கு வெனிலா மணமும், வெல்லம் காய்ச்சும்போது வருவது போன்ற ஒரு மணமும் இருக்கும். அதோடு பழுப்புச் சர்க்கரை, சோயா சாஸ், அன்னாசிச் சாறு, பூண்டு, எலுமிச்சையோ வினிகரோ, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் காய்ச்சுகிறார்கள். கரண்டியின் முதுகில் ஒட்டும் பதம் வந்ததும் இறக்கிவிடுவார்கள். பாகில் பெரும்பகுதி சர்க்கரைதான். விஸ்கி சில செய்முறைகளில் ஒரே ஒரு கரண்டி. சிலவற்றில் அரைக் கோப்பை. தட்டின் விலை மட்டும் எப்போதும் விஸ்கியின் பெயரில்.

இறைச்சியைச் சுடுவதில்தான் கை வேண்டும். ஒரு அங்குல கனத்துக்கு வெட்டி, ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்து, உப்பும் மிளகும் தடவி, நன்றாகக் காய்ந்த கம்பி மேல் போட வேண்டும். ஈரம் இருந்தால் வேகும், சிவக்காது. பாகை முதலிலேயே தடவக்கூடாது. கம்பியின் சூடு 200 டிகிரிக்கு மேல் இருக்கும். சர்க்கரை அதற்கு வெகு முன்னாலேயே நிறம் மாறி, கசந்து, கரியாகிவிடும். ஆகவே கடைசி இரண்டு மூன்று நிமிடத்தில்தான் பாகைத் தடவுவார்கள். ஒரு தடவை தடவி, திருப்பிப் போட்டு, மறுபடி தடவினால் அந்தப் பளபளப்பு வரும்.

மும்பையில் இன்னொரு சங்கதி உண்டு. மராட்டிய மாநிலத்தில் 2015-ம் ஆண்டு முதல் பசுவோடு காளை, எருது ஆகியவற்றை வெட்டுவதற்கும் தடை. எனவே இங்கே ஸ்டேக் என்று தட்டில் வருவது எருமை இறைச்சி. அதில் அண்டர்கட் என்கிற பகுதிதான் மிருது. மற்ற பகுதிகள் கொஞ்சம் முரடு. பப்பாளிக்காயை அரைத்துத் தடவி ஊற வைத்தால்தான் பல்லுக்கு அடங்கும். அது போக, உள்ளே சிவப்பாக இருந்தால் நம்மவர்கள் தொடமாட்டார்கள். "நல்லா வேகட்டும்" என்பார்கள். நெடுநேரம் தணலில் கிடக்கிற இறைச்சிக்குப் பாகைத் தடவினால் கருகும். அதனால் பல சமையல்கட்டுகளில் பாகு தணலுக்கே போவதில்லை. இறைச்சியைச் சுட்டு எடுத்து, காய்ந்த இரும்புத் தட்டில் வைத்து, மேலே பாகை ஊற்றி, சீறச் சீறக் கொண்டு வந்து வைத்துவிடுகிறார்கள். புகை கிளம்பும், நாலு மேஜை திரும்பிப் பார்க்கும்.

புகை கிளம்பினால் விஸ்கி போய்விட்டது என்று அர்த்தமா? இங்கேதான் வழக்கு.

எரிந்து போகிறதா?

"எரிந்து போய்விடும்" என்ற பேச்சு வள்ளியூர்ப் பையன் கண்டுபிடித்ததல்ல. பெரிய பெரிய சமையல்காரர்கள் சொல்வதுதான். அவர்கள் சொல்லும் கணக்கு இது: மதுச்சாரம் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும், ஆகவே தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே மதுச்சாரம் முழுவதும் ஆவியாகிவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாத்திரத்தில் மதுச்சாரம் தனியாக இல்லை. தண்ணீரோடும் சர்க்கரையோடும் கலந்து கிடக்கிறது. கலந்து கிடப்பது ஒரேயடியாகக் கிளம்பிப் போகாது. தண்ணீர் ஆவியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். தாதர் ஸ்டேஷனில் சாயங்கால வேளையில் வண்டி நின்றதும் முதலில் வாசலில் நிற்பவர் மட்டுமா இறங்குகிறார்? நெரிசலில் எல்லோரும் கலந்துதான் இறங்குகிறார்கள். சிலர் இறங்க முடியாமல் அடுத்த ஸ்டேஷனுக்கும் போய்விடுகிறார்கள்.

இதை அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். அந்த ஆராய்ச்சி 1992-ம் ஆண்டு வெளிவந்தது. அந்த நாட்டு விவசாயத்துறையின் பட்டியலிலும் ஏறியது. கொதிக்கும் குழம்பில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் 85 சதவீதம் அப்படியே இருக்கும். மேலே ஊற்றித் தீ கொளுத்திக் காட்டுகிறார்களே, அந்த வேடிக்கைக்குப் பிறகும் 75 சதவீதம் மிச்சம். கலந்து 15 நிமிடம் காய்ச்சினால் 40 சதவீதம். அரை மணிக்கு 35. ஒரு மணிக்கு 25. இரண்டரை மணி நேரம் காய்ச்சினாலும் 5 சதவீதம் போகாமல் இருக்கும். பாத்திரம் அகலமாக இருந்தால் கொஞ்சம் கூடுதலாகப் போகும். குறுகலாக இருந்தால் குறைவாகப் போகும்.

பாகை எந்தச் சமையல்காரரும் இரண்டரை மணி நேரம் காய்ச்சமாட்டார். காய்ச்சினால் அது மிட்டாயாகிவிடும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நம் நாட்டில் விற்கும் விஸ்கியில் பொதுவாக 42.8 சதவீதம் மதுச்சாரம். நாலு தட்டுக்கு 60 மில்லி விஸ்கி ஊற்றி, கால் லிட்டர் பாகு காய்ச்சுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே போனது சுமார் 26 மில்லி மதுச்சாரம். கால் மணி நேரம் காய்ச்சியிருந்தால் 10 மில்லி மிஞ்சும். அதாவது அந்தப் பாகு 4 சதவீத மது. மணம் போய்விடக் கூடாதென்று இறக்கும்போது ஊற்றியிருந்தால் சுமார் 22 மில்லி மிஞ்சும். அந்தப் பாகு கிட்டத்தட்ட 9 சதவீத மது. சாதாரண பீரில் 5 சதவீதம்தான்.

தட்டுக் கணக்கில் பார்த்தால், முதல் வகையில் ஒருவர் வயிற்றுக்குப் போவது சுமார் 6 மில்லி விஸ்கிக்குச் சமம். இரண்டாவது வகையில் 13 மில்லி. ஸ்மால் பெக்கில் ஐந்தில் இரண்டு பங்கு. இதனால் யாருக்கும் போதை ஏறப்போவதில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் "ஒன்றுமில்லை, வாசனைதான்" என்பது உண்மை இல்லை. வாசனையை மில்லியில் அளக்க முடியாது. இதை அளக்க முடிகிறது.

யாருக்கு என்ன நஷ்டம்?

தெரிந்து, விரும்பிச் சாப்பிடுகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அவர் சம்பாதித்த காசு, அவர் நாக்கு. அவரைப் பற்றி இங்கே பேச்சே இல்லை.

முதலில் அந்த மாத்திரைக்காரர். மாத்திரையின் பெயர் டைசல்பிராம். இது பிறந்த கதையும் தொழிற்சாலையில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் ரப்பரைப் பதப்படுத்தும் ஒருவகை ரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர்களால் மது குடிக்க முடியவில்லை. குடித்தால் உடம்பு கெட்டது என்று ஒரு தொழிற்சாலை டாக்டர் 1937-ம் ஆண்டிலேயே எழுதினார். அதே இனத்து ரசாயனத்தை டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் வேறொரு மருந்துக்காகத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு மது அருந்தியபோது அவர்களுக்கும் அதே கதி. 1948-ம் ஆண்டில் அது குடியை நிறுத்தும் மருந்தாக வெளிவந்தது.

மது உடம்புக்குள் போனதும் முதலில் ஒரு நச்சாக மாறும். நல்ல உடம்பு அந்த நச்சை உடனே அடுத்த படிக்குத் தள்ளிவிடும். மாத்திரை அந்த வழியை அடைத்துவிடுகிறது. நச்சு தேங்கும். முகம் சிவத்தல், தலையிடி, வாந்தி, மூச்சுத் திணறல், படபடப்பு எல்லாம் அதனால்தான். சிலருக்கு ரத்த அழுத்தம் விழும். இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து. கொஞ்சம் மது போதும். மது கலந்த சாஸ், இருமல் மருந்து, வினிகர் இவற்றைக்கூடத் தவிர்க்கச் சொல்லித்தான் டாக்டர்கள் இதைக் கொடுக்கிறார்கள். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரை இந்த விளைவு இருக்கும். (கணவனுக்குத் தெரியாமல் காப்பியில் இதைக் கலந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அது மகா ஆபத்து. அவர் வெளியே குடித்துவிட்டு விழுந்தால் ஏன் விழுந்தார் என்றே டாக்டருக்குத் தெரியாது.)

மாத்திரை போடாமல் மன உறுதியில் குடியை விட்டவரும் உண்டு. அவர் உடம்புக்கு இந்த 6 மில்லி ஒன்றும் செய்யாமல் போகலாம். ஆனால் பல வருடம் கழித்து நாக்கில் அந்தச் சுவை படுவது அவருக்குச் சின்ன விஷயமா? அதை அவர்தான் சொல்ல வேண்டும். அவரைக் கேட்காமல் சமையல்காரர் முடிவு செய்யக்கூடாது.

அடுத்து முஸ்லிம்கள். மும்பையில் ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எருமை இறைச்சியை விரும்பிச் சாப்பிடுகிறவர்களில் அவர்களும் அடக்கம். ஓட்டலுக்குள் நுழைந்ததும் "கறி ஹலால்தானே?" என்று கேட்பார்கள். "ஹலால்தான் பாய்" என்று பதில் வரும். பொய் இல்லை, கறி ஹலால்தான். பாகைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, ஓட்டல்காரரும் சொல்லவில்லை. நேர்மையான கேள்விக்கு நேர்மையான பதில் கிடைத்தும் மனிதர் ஏமாந்து போகிற வேடிக்கை இது.

குழந்தைகளும் இருக்கிறார்கள். இனிப்பாக இருக்கிற பாகு என்றால் தட்டை வழித்துத் தின்பது அவர்கள்தான்.

ரெயில் ஓட்டுகிறவர்களை மறந்துவிடக் கூடாது. லோகோ பைலட்டுகள் பணியேற்கும்போது கருவியில் ஊதிக் காட்ட வேண்டும். மது வாடை தெரிந்தால் வண்டி ஏற முடியாது, விசாரணையும் வரும். 2025-ம் ஆண்டு பிப்ரவரியில் தென்னக ரெயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில், பணிக்கு முன் ஓமியோபதி மருந்து, இளநீர், சிலவகை வாழைப்பழம், இருமல் மருந்து ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று உத்தரவே போட்டார்கள். கேலியும் எதிர்ப்பும் கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இளநீர் வரைக்கும் சந்தேகம் போயிற்று. விஸ்கிப் பாகு யார் நினைவுக்கும் வரவில்லை. ஒரு தட்டுப் பாகால் மணிக்கணக்கில் வாடை நிற்காது என்பது சரி. ஆனால் சாப்பிட்ட கையோடு போய் ஊதுகிறவருக்கு வாயில் இருப்பதே வினையாகலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மராட்டிய மாநிலத்தில் மதுச் சட்டம் கண்டிப்பானது. 1949-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. குடிக்கிறவர் பெர்மிட் வைத்திருக்க வேண்டும். பார்களுக்கு "பெர்மிட் ரூம்" என்ற பெயர் வந்ததே அதனால்தான். விஸ்கி, பிராந்தி வகைகளுக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் 18 வயதுப் பையன் மேஜையில் உட்கார்ந்து போர்பன் பாகு ஊற்றிய இறைச்சி கேட்டால், "வயது என்ன தம்பி?" என்று யாரும் கேட்பதில்லை.

உணவுச் சட்டத்தைப் பார்க்கலாம். பாட்டிலில் விற்கும் பானத்தில் 0.5 சதவீதத்துக்கு மேல் மதுச்சாரம் இருந்தால் அது மதுபானம். எச்சரிக்கை அச்சிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-ம் ஆண்டு கொண்டுவந்த விதிகளின்படி, 10 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள ஓட்டல்களும், மத்திய உரிமம் பெற்ற ஓட்டல்களும் மெனு கார்டில் கலோரிக் கணக்குப் போட வேண்டும். சைவமா அசைவமா என்று குறி போட வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களையும் சொல்ல வேண்டும். கோதுமை, இறால் நண்டு வகை, முட்டை, மீன், வேர்க்கடலை, பருப்புக் கொட்டைகள், சோயா, பால், சல்பைட் என்று பட்டியல் போகிறது. நல்ல பட்டியல்தான். மது அதில் இல்லை.

ஆகவே போர்பன் பாகு உள்ள தட்டில், சோயா சாஸ் இருப்பதைச் சொல்ல வேண்டும். அதே பாகில் உள்ள விஸ்கியைப் பற்றி அந்தப் பட்டியல் பேசவில்லை!

பெயரிலேயே போர்பன் என்று இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். பிஸ்கட் தெரிந்த ஊரில் போதாது. ஜாக் டேனியல்ஸ் என்று போட்டாலும், பாட்டிலைப் பார்த்தே இராதவருக்கு அது யாரோ ஒரு வெள்ளைக்காரச் சமையல்காரரின் பெயர். "ஹவுஸ் கிளேஸ்", "ஸ்மோக்கி கிளேஸ்" என்று பொதுவாகப் பெயர் வைத்து உள்ளே விஸ்கி ஊற்றினால் அதுவும் தெரியாது. "விஸ்கி கலந்தது" என்று இரண்டே வார்த்தை. மராத்தியிலும் இந்தியிலும் போட்டால் இன்னும் நல்லது. தமிழில் போடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை.

இன்னொரு வாதமும் வரும். இட்லி மாவு புளிக்கும்போது மதுச்சாரம் உண்டாகவில்லையா? பழைய சோற்று நீராகாரத்தில் இல்லையா? கனிந்த பழத்தில் இல்லையா? கேக்கில் ஊற்றும் சிலவகை வெனிலாச் சாறு மதுச்சாரத்தில் கரைத்ததுதானே? எல்லாம் சரி. அவை தானாக உண்டாகிற மிகச் சிறு அளவு, அல்லது ஒரு கேக்குக்கு ஒரு சின்னக் கரண்டி. 9 சதவீதப் பாகோடு அதை ஒரே தராசில் வைக்க முடியாது. நீராகாரம் குடிக்கிறவருக்கு அது புளித்தது என்று தெரியும். யாரும் அவரிடம் மறைக்கவில்லை. அந்த வாதத்தைச் சொல்லி இந்தக் கடமையிலிருந்து நழுவக் கூடாது.

சமையல்கட்டில் நிற்கிறவர்கள்

மும்பை ஓட்டல் சமையல்கட்டுகளில் நம் பிள்ளைகள் நிறைய. வெங்காயம் உரிப்பதில் தொடங்கி, தணலுக்கு முன்னால் நிற்கும் இடம் வரை வந்திருக்கிறார்கள். இந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்வது பாவம். மேலே இருப்பவர் சொன்னதை வாடிக்கையாளரிடம் சொல்கிறார்கள். ஆனால் ஏதாவது நேர்ந்தால் மேஜைக்கு முன்னால் நின்று திட்டு வாங்குவது அவர்கள்தான். அதனால் முதலாளிகள் அவர்களுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எந்தப் பாகில் மது இருக்கிறது, எப்போது ஊற்றுகிறோம் என்று பரிமாறுகிற பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர்கள் உடம்புக்கும் ஒரு வார்த்தை. எரிகிற அடுப்பின் மேல் பாட்டிலோடு விஸ்கியைச் சாய்க்கக் கூடாது. தீ, விழுகிற மது வழியாகவே பாட்டிலுக்கு ஏறும். சின்னக் கிண்ணத்தில் அளந்து, பாட்டிலை மூடித் தள்ளி வைத்து, தீயை அணைத்துவிட்டு ஊற்றி, பிறகு அடுப்பை மூட்ட வேண்டும். பரபரப்பான சனிக்கிழமை இரவில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்றால், கை வெந்தவன் பார்ப்பான்.

மது வேண்டாதவருக்கு வேறு பாகு கொடுப்பது முடியாத காரியமும் அல்ல. வெல்லம், அன்னாசிச் சாறு, சோயா சாஸ், பூண்டு, வற்றல் மிளகாய், கொஞ்சம் எலுமிச்சை. இவற்றைச் சேர்த்து அதே பதத்தில் காய்ச்சினால் பளபளப்பும் வரும், காரமும் இருக்கும். ஓக் மர மணம் மட்டும் வராது. வரும் என்று சொல்வது பொய். ஆனால் எருமை இறைச்சிக்கு வெல்லமும் மிளகாயும் நன்றாகவே சேரும். அப்படி ஒரு பாகைத் தனிப் பாத்திரத்தில், தனித் தூரிகையோடு வைத்திருந்தால் மேலே சொன்ன அத்தனை பேரும் அதே ஓட்டலில், அதே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடலாம். ஓட்டலுக்கும் வியாபாரம் கூடும்.

விதி மாறும்வரை வாடிக்கையாளர் கையில் இருப்பது இரண்டு கேள்விகள். முதலாவது: "இதில் மது சேர்க்கிறீர்களா?" இதற்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். "ஆமாம்" என்றால் மாத்திரை போடுகிறவருக்கும் மார்க்கப்படி விலக்கியவருக்கும் அதோடு முடிந்தது. வேறு ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். மற்றவர்கள் இரண்டாவதையும் கேட்கலாம்: "காய்ச்சும்போது ஊற்றுகிறீர்களா, இறக்கும்போதா?" இதற்குப் பரிமாறுகிற தம்பிக்குப் பதில் தெரியாது. உள்ளே போய்த்தான் கேட்டு வர வேண்டும். போய் வரட்டும். அதற்குள் அப்பாவுக்கு ஒரு எலுமிச்சை சோடா சொல்லிவிடலாம்.